நம் மலைத் தண்ணீரில் லித்தியம் இல்லாததுதான் மனச்சோர்வுக்குக் காரணமா?

காட்டேரிக்காரன் (குன்னூர் பக்கம்)

வணக்கம். பெயரைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். எங்கள் பக்கத்து அருவியின் பெயர் அது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் ஒருவர் கூட்டம் போட்டார். ஜப்பானிலும் டெக்சாஸிலும் தண்ணீரில் லித்தியம் என்ற கனிமம் இருக்கும் ஊர்களில் தற்கொலை குறைவாம். நம் மலைத் தண்ணீரில் கனிமமே கிடையாதாம், அதனால்தான் இங்கே வீட்டுக்கு ஒருவர் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறாராம். ஒரு சிறிய பாட்டில் கனிமச் சொட்டு 950 ரூபாய். ஒரு குடத்துக்கு நான்கு சொட்டு. இரண்டு வருடம் முன்பு இதே மனிதர்தான் இதே கூடத்தில் ஆர்.ஓ. இயந்திரம் விற்றார். அன்றைக்கு நம் தண்ணீரில் கனிமம் அதிகம் என்றார். இரண்டு கம்பியைத் தம்ளரில் விட்டுக் கரண்ட் கொடுத்து, தண்ணீர் பழுப்பாகும் என்று காட்டப் பார்த்தார். எங்கள் தண்ணீர் நிறமே மாறவில்லை. கடைசியில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுத்தான் அதைப் பழுப்பாக்கினார்.

ஆளை விட்டுவிடுங்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை போலத்தான் தெரிகிறது. மகன் வாங்கிக் கொடுத்த மீட்டரை வைத்து அளந்தேன். எங்கள் வீட்டுக் குழாயில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 34. மசினகுடியில் சம்பந்தி வீட்டு போர் தண்ணீரில் 480. அவர்கள் கெட்டிலைத் திறந்தால் அடியில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளைப் படிவு இருக்கும். எங்கள் கெட்டில் ஆறு வருடமாகப் புதிதுபோல இருக்கிறது. குளித்தால் சோப்பு உடம்பை விட்டுப் போகவே போகாது, வழுக்கிக்கொண்டே இருக்கும். அவ்வளவு மெலிந்த தண்ணீர்.

நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என் தம்பி இரண்டு வருடமாக யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. சாப்பிடுகிறான், தோட்டத்துக்குப் போகிறான், வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். தண்ணீர்தான் காரணம் என்றால் 950 ரூபாய் பெரிய காசு இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பச்சைத்தேயிலை (கோத்தகிரி)

பச்சை இலைக்கு நியாயமான விலையைக் கொடுத்துப் பார்க்கட்டும். தண்ணீரில் என்ன இருந்தாலும் இங்கே முகங்கள் தெளிந்துவிடும். சொட்டு வாங்காதீர்கள் அண்ணா.

குழாய்முனை (உதகை)

ஐயா, முப்பது வருடம் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மீட்டர். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் உப்புகளை ஒட்டுமொத்தமாக மதிப்பிட்டு ஓர் எண்ணைக் காட்டும். அதில் லித்தியம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. கம்பி வித்தை பலிக்காமல் போனதும் இதனால்தான். உப்பு குறைந்த தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாக ஓடாது, மின்சாரம் ஓடாவிட்டால் இரும்புக் கம்பி கரையாது, பழுப்பும் வராது. அந்தப் பழுப்பு முழுக்கக் கம்பியிலிருந்து வரும் துரு, தண்ணீரின் அழுக்கு அல்ல.

நம் தண்ணீர் ஏன் மெலிவு? நீலகிரி பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை. பல்லாவரம் கல் என்று சென்னைப் பக்கம் சொல்வார்களே, அந்த இனம். அதன் மேல் காலங்காலமாக மழை கழுவிய செம்மண். கரையக்கூடியது எல்லாம் எப்போதோ கரைந்து போய்விட்டது. உதகைக்குப் பார்சன்ஸ் வேலி நீர்த்தேக்கமும் குன்னூருக்கு ரேலியா அணையும் கொடுப்பது பெரும்பாலும் நேற்றைய மழை. பாறையோடு பழக அதற்கு நேரம் கிடைப்பதில்லை. லித்தியம் அதிகம் இருப்பது வறண்ட நாட்டின் பழைய நிலத்தடி நீரிலும், வெந்நீர் ஊற்றுகளிலும், சில வகைக் கருங்கல் பகுதிகளிலும்தான். வட அர்ஜென்டினாவின் ஆண்டீஸ் மலையூர்கள் சிலவற்றில் குடிநீரில் லிட்டருக்கு 1000 மைக்ரோகிராம் வரை அளந்திருக்கிறார்கள். ஆகவே நம் தண்ணீரில் லித்தியம் மிகக் குறைவாகத்தான் இருக்கும் என்று கூட்டம் போட்டவர் சொன்னதை நான் மறுக்க மாட்டேன்.

இனி ஆய்வுகள். டெக்சாஸ் கதை 1990இல் வெளியானது. 27 மாவட்டங்கள், 1978 முதல் 1987 வரையிலான கணக்கு. லித்தியம் அதிகம் இருந்த இடங்களில் தற்கொலையும் கொலையும் குறைவு என்றார்கள். 2009இல் ஜப்பானின் ஓய்ட்டா மாகாணத்தில் 18 உள்ளாட்சிப் பகுதிகளில் பார்த்தார்கள். லிட்டருக்கு 0.7 முதல் 59 மைக்ரோகிராம் வரை இருந்தது, அங்கும் அதே போக்கு. ஓய்ட்டா வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன இடம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011இல் ஆஸ்திரியாவில் 99 மாவட்டங்கள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தண்ணீர் மாதிரிகள், மீண்டும் அதே முடிவு.

கூட்டம் போட்டவர் இவ்வளவோடு நிறுத்தியிருப்பார். அதே 2011இல் கிழக்கு இங்கிலாந்தில் 47 பகுதிகளைப் பார்த்தவர்களுக்கு எந்தத் தொடர்பும் தென்படவில்லை. 2017இல் டென்மார்க்கில் 37 லட்சம் பேரின் 22 வருடக் கணக்கை எடுத்து, ஒவ்வொருவரும் எந்த ஊரில் எந்தத் தண்ணீரைக் குடித்தார் என்று பின்தொடர்ந்து பார்த்தார்கள். பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. 2020இல் 15 ஆய்வுகளைச் சேர்த்து எடை போட்டவர்கள், லித்தியம் கூடினால் தற்கொலை குறையும் போக்கு தெரிகிறது என்றார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஊர்களை ஊர்களோடு ஒப்பிட்டவை, ஆளை ஆளோடு ஒப்பிட்டவை அல்ல. ஓர் ஊரின் தண்ணீரில் லித்தியம் இருக்கிறது, அந்த ஊரில் தற்கொலையும் குறைவு என்றால், குறைவாகக் குடித்தவர்தான் இறந்தார் என்று ஆகிவிடாது. அந்த ஊரில் வேலை உண்டா, மருத்துவர் உண்டா, எத்தனை பேர் தனியாக வசிக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒற்றை எண்ணின் பின்னால் ஒளிந்திருக்கும். அமெரிக்காவில் கடல் மட்டத்திலிருந்து உயரம் கூடக் கூடத் தற்கொலை கூடுகிறது என்றும் ஓர் ஆராய்ச்சி வரிசை இருக்கிறது. அதை நம்பினால் தொட்டபெட்டாவை வெட்டிக் குள்ளமாக்க வேண்டியிருக்கும்.

மன்னவனூர் பூண்டு (கொடைக்கானல் மேல்மலை)

குழாய்முனை ஐயா, மதிப்போடு ஒரு மறுப்பு. நீங்கள் கிண்டலாக முடித்துவிட்டீர்கள். தண்ணீரில் இருக்கும் இம்மியளவு பொருள் மனிதனை ஒன்றும் செய்யாது என்று ஒரு காலத்தில் புளோரைடைப் பற்றியும் பேசியிருப்பார்கள். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் கறை, மேலும் கூடினால் எலும்பு வளைவு. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஒரு தலைமுறையே பட்டது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல்தான் வந்தது. அந்த மக்கள் வலியைச் சொன்னபோது முதலில் யார் கேட்டார்கள்? சொட்டு விற்கிறவன் ஏமாற்றுக்காரனாகவே இருக்கட்டும், கேள்வி ஏமாற்று இல்லையே.

இன்னொன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் தற்கொலை விகிதம் நாட்டிலேயே அதிகம் சிக்கிமில், லட்சத்துக்கு 43.1. இந்திய சராசரி 12.4. சிக்கிமும் மலை, மழை, மெல்லிய தண்ணீர். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

குழாய்முனை

தொட்டபெட்டாவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கேள்வி நல்ல கேள்விதான்.

ஆனால் அதே கணக்கில் தமிழ்நாடு 25.9, கேரளம் 28.5. தமிழ்நாட்டில் பெரும்பான்மையோர் சமவெளிக்காரர்கள். அவர்களில் எத்தனையோ பேர் குடிப்பது கடினமான போர் தண்ணீர். அவர்கள் விகிதமும் இந்திய சராசரியைப்போல் இருமடங்கு இருக்கிறதே? சிக்கிமை மட்டும் எடுத்தால் தண்ணீர் குற்றவாளி, தமிழ்நாட்டைச் சேர்த்தால் தண்ணீருக்கு விடுதலை. எடுத்துக்காட்டைப் பொறுக்கி எடுத்தால் எதையும் நிரூபிக்கலாம்.

புளோரைடு ஒப்புமை எனக்குப் பிடித்தது, ஆனால் அளவைப் பாருங்கள். அங்கே பேச்சு மில்லிகிராமில், இங்கே மைக்ரோகிராமில். மனநோய்க்குக் கொடுக்கும் 300 மில்லிகிராம் லித்தியம் கார்பனேட் மாத்திரை ஒன்றில் சுத்த லித்தியம் ஏறக்குறைய 56 மில்லிகிராம், அதாவது 56,000 மைக்ரோகிராம். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் உள்ள தண்ணீரை நாளுக்கு இரண்டு லிட்டர் குடித்தால் உள்ளே போவது 20. ஒரே ஒரு மாத்திரைக்குச் சமமாக 2,800 நாள், அதாவது ஏழரை வருடத்துக்கும் மேல் குடிக்க வேண்டும். இவ்வளவு சிறிய அளவு ஆயுள் முழுக்கப் போனால் மூளையில் ஏதேனும் செய்யுமா என்பதுதான் அறிவியலில் இன்றும் திறந்திருக்கும் கேள்வி. செய்யவே செய்யாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நம் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500இல் லித்தியத்துக்கு வரம்பே கிடையாது, உலக சுகாதார நிறுவனமும் வழிகாட்டு அளவு எதுவும் வைக்கவில்லை.

இன்னும் ஒன்று. நாம் தண்ணீரை மட்டுமா விழுங்குகிறோம்? காய்கறி, தானியம் வழியாகவும் லித்தியம் வருகிறது. உங்கள் வீட்டு ரேஷன் அரிசி கீழ்நாட்டில் விளைந்தது, பருப்பு வடக்கிலிருந்து வருகிறது, உப்பு தூத்துக்குடி. இந்த மலையில் ஊறியது தண்ணீரும் கேரட்டும் உருளைக்கிழங்கும் மட்டும்தான்.

மன்னவனூர் பூண்டு

பூண்டை விட்டுவிட்டீர்கள்.

ஓய்வுச் செவிலி (கூடலூர்)

எல்லாரும் லித்தியத்தையே சுற்றுகிறீர்கள். மலைத் தண்ணீரும் மனமும் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது அயோடின்.

மழை கழுவிய மலை மண்ணில் அயோடின் தங்காது. மண்ணில் இல்லாதது தண்ணீரிலும் இருக்காது, அங்கே விளையும் காயிலும் இருக்காது. இமயமலை அடிவாரம் முழுக்கக் கழுத்துக் கழலை இருந்தது இதனால்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கழுத்து வீங்கிய பாட்டிகளை இந்தப் பக்கமும் பார்த்திருக்கிறேன். புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்து மறைத்துக்கொண்டு வருவார்கள், கேட்டால் குளிர் என்பார்கள். கழலை வெளியே தெரியும் விஷயம். அயோடின் குறைந்து கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மந்தமானால் வெளியே தெரியாமல் நடப்பது வேறு: உடம்பு அசதி, எந்நேரமும் குளிர், மறதி, எதிலும் விருப்பமின்மை, ஓயாத தூக்கம். வீட்டில் அதற்குச் சோம்பேறி என்று பெயர் வைத்துவிடுவார்கள். கருவிலிருக்கும் பிள்ளைக்கு அயோடின் கடுமையாகக் குறைந்தால் மூளை வளர்ச்சியே பாதிக்கும். தண்ணீரிலும் மண்ணிலும் ஒரு சத்து இல்லாமல் ஒரு மக்கள் கூட்டத்தின் அறிவும் மனமும் மங்குவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. இதற்கு ஆதாரம் தேடிச் சண்டை போட வேண்டியதில்லை, 1962இலேயே அரசு கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. 2006இல் அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கத் தடை வந்தது.

இத்தனை இருந்தும் இன்னமும் எத்தனை வீடுகளில் சந்தையில் மூட்டையாக வரும் கல்லுப்பு! ஊறுகாய்க்கு அதுதான் நல்லது என்பார்கள், பிறகு குழம்புக்கும் அதுவே போகும். பாக்கெட் உப்பு வாங்குகிறவர்களோ வாய் திறந்த ஜாடியில் அடுப்பு மேடையில் வைக்கிறார்கள். நம் ஊர் ஆடி மாத ஈரத்தில் உப்பு கசிந்து, அடியில் தண்ணீராக நிற்கும். அயோடினும் அதோடு போய்விடும். மூடி போட்டு, அடுப்புக்குத் தள்ளி வையுங்கள், சமையல் முடியும்போது போடுங்கள். சாப்பிடும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது இருக்க வேண்டும்.

காட்டேரிக்காரரே, உங்கள் தம்பிக்குத் தைராய்டைப் பார்க்கும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்ததுண்டா? சொட்டு பாட்டிலின் விலையைவிட அது மலிவு. அதற்காக இதுதான் காரணம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பச்சைத்தேயிலை

அக்கா, எங்கள் வீட்டு உப்பு ஜாடியை நீங்கள் எப்போது வந்து பார்த்தீர்கள்?

இரவு மாத்திரை (குன்னூர்)

இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நான் பதினொரு வருடமாக லித்தியம் சாப்பிடுகிறவள். இருமுனை மனநோய். 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் இதன் பயனைக் கண்டு எழுதினார் என்று என் மருத்துவர் சொன்னபோது, இவ்வளவு பழைய மருந்தா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அமெரிக்காவின் செவன் அப் சோடாவில் 1948 வரை லித்தியம் சேர்த்திருந்தார்கள் என்பதையும் அவரே சொன்னார். இந்த மருந்து என்னை என் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்தது. அதனால்தான் கேட்கிறேன், தயவுசெய்து இதைச் சத்து மாதிரி பேசாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதிகாலை பஸ்ஸில் கோவைக்கு இறங்குகிறேன். முதல் நாள் இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும், மணி தவறினால் கணக்கும் தவறும். அளவு குறைந்தால் நோய் திரும்பும், கூடினால் விஷம். இடையில் இருக்கும் வரப்பு குறுகலானது. சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் அவ்வப்போது பார்த்தாக வேண்டும். லித்தியமே தைராய்டை மந்தமாக்கும் என்பது செவிலி அக்காவுக்குத் தெரிந்திருக்கும், எனக்கும் ஆகிவிட்டது. ஒரு சித்திரையில் மேட்டுப்பாளையத்தில் கல்யாணம். வெயிலில் வியர்த்து ஒழுகி, சரியாகத் தண்ணீர் குடிக்காமல், முட்டிவலிக்குக் கடையில் ஒரு வலி மாத்திரையும் வாங்கிப் போட்டேன். மறுநாள் கை நடுங்கிக் காபித் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் லித்தியம் வெளியேறாமல் தேங்கிவிடும் என்று அன்றைக்குத்தான் உடம்பாலேயே படித்தேன்.

அந்தச் சொட்டில் உண்மையிலேயே லித்தியம் இருந்தால், எவ்வளவு என்று பாட்டிலில் போட்டிருக்கிறதா? இல்லாவிட்டால் 950 ரூபாய் எதற்கு? இரண்டில் எது என்றாலும் வாங்காதீர்கள். எங்கள் வீட்டுக்கும் அவர் வந்தார். நான் என் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து காட்டினேன், கிளம்பிவிட்டார்.

நெறியாளர்

விற்பனையாளரின் பெயரையும் கைபேசி எண்ணையும் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இங்கே அது வேண்டாம். படித்துக்கொண்டிருப்பவர்களில் யாருக்கேனும் மனம் தாங்க முடியாமல் இருந்தால் டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

சேரம்பாடி லயம் (பந்தலூர் பக்கம்)

எங்கள் குடும்பம் தாயகம் திரும்பியது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது, தாத்தா அங்கே சேர்ந்தார். இலங்கையிலும் மலை, மழை, தேயிலை, லயம். இங்கும் மலை, மழை, தேயிலை, லயம். தண்ணீரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். தாத்தா அங்கே இருந்தவரை தப்படித்துக் காமன் கூத்து ஆடியவர் என்று பாட்டி சொல்வாள். இங்கே வந்து இருபது வருடம் நான் பார்த்த தாத்தா வாசலில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் குடித்த தண்ணீரை எந்தக் கூடத்தில் கொடுத்து அளப்பது?

காட்டேரிக்கார அண்ணா, வருத்தப்படாதீர்கள். முதல் பதிவில் தண்ணீரைப் பற்றிப் பதினைந்து வரி எழுதிவிட்டுத் தம்பியைப் பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர்தான் காரணம் என்றால் வீட்டில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், பனிதான் காரணம் என்று சொல்லிச் சொல்லியே தாத்தாவை அனுப்பி வைத்தோம்.

மன்னவனூர் பூண்டு

இந்தப் பதிவுக்குப் பிறகு நான் சிக்கிமைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஆனால் குழாய்முனை ஐயா, யாராவது ஒருநாள் நம் இரண்டு மலைகளின் தண்ணீரையும் முறையாக அளந்து பார்க்கத்தான் வேண்டும். அதை விட மாட்டேன்.

குழாய்முனை

அளக்கட்டும். மைக்ரோகிராம் அளவுக்குப் பார்க்கும் கருவி உள்ள கூடமாக இருக்க வேண்டும், மாதிரியைச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் அமிலம் சேர்த்து எடுக்க வேண்டும், மழைக்காலத்தில் ஒரு முறையும் மாசியில் ஒரு முறையும். மன்னவனூரில் நீங்கள் எடுங்கள், இங்கே நான் எடுக்கிறேன்.

காட்டேரிக்காரன்

மூன்று வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. எல்லாருக்கும் ஒரே பதிவில் சொல்லிவிடுகிறேன்.

சொட்டு வாங்கவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் என் மனைவி கூட்டத்தன்றே ஒரு பாட்டில் வாங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். திறக்கவில்லை. பாட்டிலில் ‘இயற்கைக் கனிமங்கள்’ என்று மட்டும் இருக்கிறது, அளவு எதுவும் இல்லை.

செவிலி அக்கா சொன்னபடி கிராம செவிலியரிடம் உப்புச் சோதனைத் துளி வாங்கிப் போட்டுப் பார்த்தோம். பாக்கெட் உப்பு நல்ல ஊதா ஆனது. ஜாடியில் இருந்த கல்லுப்பு வெள்ளையாகவே இருந்தது. இத்தனை வருடமாகக் குழம்புக்குப் போனது எது என்று நான் மனைவியிடம் கேட்கவில்லை, அவளே ஜாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தம்பியின் டி.எஸ்.எச். சரியாக இருக்கிறது. அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது.

சேரம்பாடித் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பிறகு ஒரு சாயங்காலம் தம்பியின் பக்கத்தில் போய்ப் படுத்தேன், நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு. ரொம்ப நேரம் கழித்துக் கடன் விவரம் சொன்னான். தேயிலை நாற்றுக்கு வாங்கியது, அதை அடைக்க வேறோர் இடத்தில் வாங்கியது. எனக்குத் தெரியாது. ஒரே வாசல், ஒரே குழாய், எனக்குத் தெரியாது. போன புதன்கிழமை உதகை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனோடு முக்கால் மணி நேரம் பேசினார். மாத்திரை கொடுத்திருக்கிறார், லித்தியம் இல்லை. வரும் புதன்கிழமை மறுபடி போக வேண்டும். சீட்டு அவனிடம்தான் இருக்கிறது.

பச்சைத்தேயிலை

வரும் புதன்கிழமை நானும் உதகையில்தான் இருப்பேன், வங்கி வேலை. எனக்கும் இரண்டு இடத்தில் கடன் இருக்கிறது, ஒன்றை மாற்றி எழுதி வட்டியைக் குறைத்தேன், வழி தெரியும். பதினொரு மணிக்குப் பஸ் நிலையத்து டீக்கடையில் இருக்கிறேன். தம்பியை அழைத்து வாருங்கள்.